மின்னல் மிச்சம் வைத்தது என்ன? அதைப் பார்த்துவிட்டு லோயாட்டுக்குப் போங்கள்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அடித்த இடியில் வீட்டுக் கரண்ட் ட்ரிப் ஆகியிருக்கிறது. ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) தூக்கிவிட்டதும் விளக்கு, விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் ஓடின. கேமிங் கம்ப்யூட்டர் மட்டும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த ரௌட்டரும் போய்விட்டது. பெட்டிக்குள் இருந்தவை ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஐந்து வருடப் பழைய 550 வாட் பவர் சப்ளை. திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ். கையில் 4,000 வெள்ளி. "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கப் போறேன் அண்ணே, எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" இதுதான் கேள்வி.

தம்பி, கிராபிக்ஸ் கார்டுக்குக் கடைசியில் வருகிறேன். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். மின்னல் அடித்த கம்ப்யூட்டரில் எல்லாம் ஒன்றாகச் சாவது அபூர்வம். இரண்டு சாமான் போகும், ஒன்று நொண்டும், மற்றவை ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். எது பிழைத்தது என்பதுதான் அடுத்து எந்தப் போர்டு, எந்த சிபியு என்பதைத் தீர்மானிக்கிறது. அதிலும் ராம் பிழைத்திருந்தால் உங்களுக்கு யோகம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஏஐ டேட்டா சென்டர்களுக்குச் சிப்புகள் போகின்றன, நம்மைப் போன்றவர்களுக்கு மிச்சம்தான் வருகிறது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் ராம் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. டிடிஆர்4-உம் தப்பவில்லை. உங்கள் பழைய 16 ஜிபி இன்று குப்பை இல்லை, அது காசு.

முதலில் மின்னல் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். ரௌட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போயிருப்பதால் எனக்கு லேன் கம்பி மேல் சந்தேகம். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது, அதனால் இன்டர்நெட் வழியாக மின்னல் வராது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பாதி சரி. ஆனால் ஃபைபர் வந்து சேரும் அந்தச் சின்னப் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் அடாப்டர் இருக்கிறதே, அது சுவரில்தானே குத்தியிருக்கிறது? தெருவில் எங்கோ இறங்கிய மின்னலின் அதிர்ச்சி கரண்ட் கம்பி வழியாக அந்த அடாப்டருக்குள் நுழையும், ரௌட்டரைத் தாண்டும், லேன் கம்பியில் ஏறி உங்கள் போர்டின் முதுகுக்கு வந்துவிடும். எல்லாம் சில பத்து மைக்ரோ நொடிகளில். பவர் சப்ளை பத்திரமாக இருக்க, போர்டு மட்டும் சாவது இப்படித்தான்.

டார்ச் லைட் எடுத்து போர்டின் லேன் துளைக்குள் பாருங்கள். உள்ளே எட்டு தங்க நிறக் கம்பிகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டில் கறுப்புப் பொடி படிந்திருந்தாலோ, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தாலோ வந்த வழி தெரிந்துவிட்டது. அப்புறம் பெட்டியைத் திறந்து அந்தத் துளைக்கு நேர் பின்னால் இருக்கும் சின்னக் கறுப்புச் சிப்பைப் பாருங்கள். நடுவில் ஒரு கொப்புளமோ ஊசிமுனை அளவு ஓட்டையோ இருக்கும். அந்த வாசனையை ஒருமுறை மூக்கு பிடித்துவிட்டால் மறக்காது. மீன் கருகியதுபோல இருக்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பூச்சோங்கில் நான்காம் மாடியில் இருந்தபோது. விடிகாலை நாலரை மணி இருக்கும், சுமத்ராப் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வருமே அந்தப் புயல்வரிசை, அதன் இடியில் விழித்தேன். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக நினைத்துத் திரும்பப் படுத்தேன். நம் சுவர் சுவிட்ச் பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டும்தான் வெட்டும். நியூட்ரலும் ஏர்த்தும் ஒட்டியபடியே இருக்கும். வெட்டிய இடத்திலும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மேகத்திலிருந்து தரைக்குத் தாவுகிற சாமானுக்கு அதெல்லாம் ஒரு தூரமா? லேன் கம்பியோ பாட்டுக்குச் செருகியே இருந்தது. காலையில் கம்ப்யூட்டர் ஓடியது, லேன் மட்டும் இல்லை. தப்பித்தோம் என்று யுஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிச் செருகிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, கேம் நடுவில், போர்டு மொத்தமாக அணைந்தது. மின்னல் பட்ட சிப் உடனே சாக வேண்டும் என்றில்லை, அரைகுறையாகக் காயப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், "ஓடுகிறது" என்பதும் "நன்றாக இருக்கிறது" என்பதும் வேறு வேறு.

சரி, சோதனைக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன் பிளக்கிலிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். நம் மூன்று முள் பிளக்கின் வயிற்றில் 13 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாதிப்பேர் மறந்துவிடுகிறோம். எக்ஸ்டென்ஷன் கட்டையிலும் ஒன்று இருக்கலாம். ஹார்ட்வேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். அது போயிருந்தால் ஒரே ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் திரும்பவும் போனால் பவர் சப்ளையின் உள்ளே ஷார்ட், அதற்கு மேல் முயலாதீர்கள். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி வைத்திருந்தாலும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும் வித்தை ஒன்று இருக்கிறது. சுற்றவில்லை என்றால் செத்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சுமை இல்லாதபோது விசிறியைச் சுற்றவிடாத மாடல்களும் உண்டு. சுற்றினால் மட்டும் உயிரோடு இருப்பதாக அர்த்தம் ஆகாது. மல்ட்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் காட்ட வேண்டும், சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் தீர்ப்பையும் சொல்கிறேன்: சோதனையில் தேறினாலும் அந்தப் பவர் சப்ளையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஐந்து வருடம் ஆகிவிட்டது, மின்னல் வேறு பார்த்துவிட்டது. புதுப் போர்டையும் புது கார்டையும் அதை நம்பி மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து, நல்ல பவர் சப்ளை ஒன்றை நண்பரிடம் கடன் வாங்குங்கள். போர்டு, சிபியு, ஒரே ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு. இவ்வளவுதான் மாட்ட வேண்டும். உங்கள் 3600-இல் ஒரு சங்கடம், அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு செத்திருந்தால் போர்டு நன்றாகவே இருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் திரையை நம்பாமல் போர்டில் எரியும் சின்ன டீபக் (கோளாறு காட்டும்) விளக்குகளைப் பாருங்கள். சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று வரிசையாக எரிந்து அணையும், எதில் நின்றுவிடுகிறதோ அங்கே கோளாறு. விளக்கே எரியாமல், விசிறி ஒரு துடிப்பு துடித்து நின்றால் ஏதோ ஒரு சாமான் ஷார்ட். கார்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

கடன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை, இது நான் காசு கொடுத்துக் கற்றது. நண்பருடைய பவர் சப்ளை கழற்றி மாட்டும் கம்பி வகையாக இருந்தால், அதன் கம்பிகளையும் சேர்த்தே வாங்கி வாருங்கள். "பெட்டிக்குள் ஏற்கெனவே கம்பி இழுத்து அழகாகக் கட்டியிருக்கிறேன், அதிலேயே செருகிக்கொள்கிறேன்" என்று நினைக்காதீர்கள். போர்டுப் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், பவர் சப்ளைப் பக்கத்து முனை ஒன்றில்லை. செருகினால் கச்சிதமாக உட்காரும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். நான் அப்படி இரண்டு ஹார்ட்டிஸ்க்கைக் கொன்றேன், ஒன்றில் தங்கையின் கல்யாணப் படங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட இது மாறும்.

சிபியுவைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். உங்கள் போர்டில் சிபியு உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகை, அதில் முட்கள் சிபியுவின் அடியில் இருக்கின்றன. சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் ஐந்து வருடம் காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் சிபியுவும் சாக்கெட்டோடு பிய்த்துக்கொண்டு வந்து முள் வளையும். மின்னல் விட்டதை நாம் முடித்துவைத்ததுபோல் ஆகும். கம்ப்யூட்டர் ஓடினால் கொஞ்சம் சூடாக்கிவிட்டுக் கழற்றலாம், உங்களுடையது ஓடாது. ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் கூலரின் அடிப்பக்கத்தைச் சூடாக்கி, இடமும் வலமுமாக மெல்லத் திருகி, வழுக்குவது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள்.

எஸ்எஸ்டியை யுஎஸ்பி என்விஎம்இ உறையில் போட்டு ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். தெரிந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் முக்கியமானதை நகலெடுங்கள். விண்டோஸ் 11 என்றால் ஒரு தடங்கல் வரக்கூடும். போர்டு மாறினால் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியும் மாறும், எஸ்எஸ்டி பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கும். தான் பூட்டியதே தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே நுழைந்து அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நண்பர்கள் யாரும் இல்லை, மல்ட்டிமீட்டரும் இல்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதில் வெட்கமில்லை. சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்துத் தரும் கடைகள் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் உண்டு, பிஜே டிஜிட்டல் மாலிலும் உண்டு. பினாங்குக்காரர்கள் கொம்தார் பக்கம் போவார்கள். சனி ஞாயிறு கூட்டத்தில் போகாதீர்கள், வார நாள் பகலில் போனால் பொறுமையாகப் பேசுவார்கள். எது செத்தது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டுச் சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் காப்புறுதிப் பாலிசி ஏதாவது அப்பா எடுத்து வைத்திருந்தால் அந்தத் தாள் உதவும். மின்சாதனத்துக்கு என்னென்ன விலக்கு என்ற வரிகளையும் படியுங்கள், இழப்பீடு கேட்டு முடிக்கும்வரை செத்த சாமானை வீசாதீர்கள். கம்பெனி வாரண்டியை நம்ப வேண்டாம், மின்னல் சேதம் பொதுவாக அதில் வராது.

இனி வாங்கும் கதை. பவர் சப்ளையும் போர்டும் போய், சிபியுவும் ராமும் பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். லேன் வழியாக வந்த மின்னலுக்கு இதுதான் நான் அதிகம் பார்த்த முடிவு. அப்படியானால் ஏஎம்4-லேயே இருங்கள். புது பி550 போர்டு ஒன்று, அவ்வளவுதான். "2016-இல் வந்த சாக்கெட்டுக்கு இன்னும் காசு போடுவதா" என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 ராம் வாங்கியே ஆக வேண்டும், இன்றைய விலையில் அது உங்கள் பணத்தில் பெரிய கடி. அந்தக் காசு கார்டுக்குப் போனால் கேமில் கண்ணுக்குத் தெரியும். 3600 கொஞ்சம் மூச்சு வாங்கும்தான். அதே போர்டில் பின்னால் ஒரு 5600 அல்லது 5700எக்ஸ் மாட்டிக்கொள்ளலாம். 5700எக்ஸ்3டி நியாய விலையில் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது.

பி450-ஐயே பழையதாக மலிவாக வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் கார்டு செருகும் பிசிஐஇ பாதை பி450-இல் 3.0, பி550-இல் அதைவிட வேகமான 4.0. சாதாரணமாக இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஆர்டிஎக்ஸ் 5060, 5060 டிஐ கார்டுகள் இரண்டும் எட்டு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. பழைய 3.0 போர்டில் அந்த எட்டும் குறுகிய பாதை. 8 ஜிபி கார்டில் மெமரி நிரம்பி வழிந்தால், வழிந்தது எல்லாம் அந்தக் குறுகிய பாதையில்தான் போய்வர வேண்டும், கேம் திக்கித் திக்கி ஓடும். இதனால்தான் பி550 என்கிறேன்.

சிபியுவும் போய் ராம் மட்டும் பிழைத்திருந்தால்? அப்போதும் அதே பி550, அதில் 5600. இன்டெல் பக்கம் போக ஆசையென்றால் டிடிஆர்4 எடுக்கும் பி660 அல்லது பி760 போர்டில் ஐ5 12400எஃப் போடலாம். போர்டு வாங்கும்போது பெட்டியில் டிடிஆர்4 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரே பெயரில் இரண்டு வகையும் வருகிறது. 13-ஆம், 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-ஐப் பழையதாக யாராவது தள்ளிவிடப் பார்த்தால் யோசியுங்கள். மின்னழுத்தக் கோளாறால் அவை மெல்லச் சீரழிந்த விவகாரம் 2024-இல் பெரிதாக வெடித்து, இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. முதல் சொந்தக்காரர் அந்தத் திருத்தத்தைப் போட்டாரா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ராமும் போனால்தான் ஏஎம்5. அப்போது எந்த ராம் வாங்கினாலும் காசுதான், பழையதைக் கட்டி அழ வேண்டியதில்லை. ஏஎம்டி இந்த சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறது. பி650 அல்லது பி850 போர்டு, ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ். 7500எஃப் கொஞ்சம் மலிவு, ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. 7600-க்குள் சின்னதாக ஒன்று இருக்கிறது. கேம் ஓட்ட உதவாது, ஆனால் அடுத்த முறை கார்டு செத்தால் திரையில் ஏதாவது தெரியும். இப்போது நீங்கள் படும் பாட்டுக்கு அந்த வித்தியாசக் காசு தகும். ராம் 6000 வேகத்தில் சிஎல்30 (தாமத அளவு) இரண்டு குச்சி, சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் செருகுங்கள். 32 ஜிபி கைக்கு எட்டவில்லையா? 16 ஜிபியோடு தொடங்குங்கள். நான்கு குச்சி போட்டு வேகத்தைக் கெடுக்க வேண்டாம். பழைய கூலரை வீசாதீர்கள். போர்டோடு வரும் பின்தகட்டில் திருகப்படும் வகையென்றால் ஏஎம்5-லும் உட்காரும், தனக்கென்று சொந்தப் பின்தகடு கொண்டுவரும் வகை உட்காராது.

எந்த சாக்கெட்டாக இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது வைஃபை உள்ள போர்டு. இது சௌகரியத்துக்குச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் மின்னல் லேன் கம்பியில் நடந்து வந்திருக்கிறது, அந்தக் கம்பி இல்லாவிட்டால் அந்த வழி அடைபடும். "வேலரன்ட் ஆடுகிறவன் வைஃபையிலா?" என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. சரி, ஆடும்போது கம்பி, மேகம் கறுத்தால் கம்பியைப் பிடுங்கிவிட்டு வைஃபை. படுக்கப் போகும்போதும் பிடுங்குங்கள், சுமத்ராப் புயல் பெரும்பாலும் விடிகாலையில்தான் வரும்.

போகிற போக்கில் ஒன்று. சிபியுவின் உலோக மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "மேட் இன் மலேசியா" என்று இருந்தால் நம் ஊர்க் கைபட்டது. இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் கடை விரித்தன. என் பெரியம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே கம்பி ஒட்டியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சிப் அத்தனை தூரம் போய்த் திரும்பி வந்து லோயாட்டில் விலை பேசப்படுவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றி அல்ல. ஏழு முதல் பத்து வருட வாரண்டி, பெட்டியில் உள்ளூர் விநியோகஸ்தரின் ஸ்டிக்கர், கையில் தூக்கினால் நல்ல கனம். இது மூன்றும் இருந்தால் பாதிக் கவலை விட்டது. 650 வாட் உங்களுக்குப் போதும், 750 போட்டால் அடுத்த கார்டுக்கும் தாங்கும். எந்தக் கடையில் "முழு செட்" என்று பேக்கேஜ் விலை சொன்னாலும் முதலில் பவர் சப்ளையின் மாடல் பெயரைக் கேளுங்கள். "650 வாட் கோல்டு" என்று மட்டும் தாளில் எழுதியிருந்தால் அது பதில் இல்லை.

இப்போது கார்டு. 1660 சூப்பர் பிழைத்திருந்தால் அதோடேயே இரண்டு மாதம் ஆடுங்கள், வேலரன்டுக்கும் டோட்டாவுக்கும் அது தாராளம். 11.11, 12.12 போன்ற ஆன்லைன் விற்பனை நாள்வரை பொறுத்தால் காசும் மிஞ்சும். செத்திருந்தால், அல்லது புதுக் கேம்களும் ஆட வேண்டும் என்றால், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அது பதினாறு பாதைகளையும் பயன்படுத்துகிறது, 160 வாட் சுற்றித்தான் குடிக்கும், 1080பிக்கு நாலைந்து வருடம் கவலையில்லை. டிஎல்எஸ்எஸ் (கேம் வேகத்தைக் கூட்டும் என்விடியாவின் நுட்பம்) வேண்டும், வீடியோ எடிட்டிங்கும் செய்வேன் என்றால் 5060 டிஐ 16 ஜிபி. இரண்டிலும் 8 ஜிபி வகையைத் தொடாதீர்கள், பெயர் ஒன்றாக இருப்பதால் ஆன்லைனில் ஏமாந்து வாங்குகிறார்கள். 5070 வரை நீட்டலாமா என்றால் உங்கள் திரைக்கு வேண்டாம். அந்த வித்தியாசக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

என்ன வேலை? வாசலைப் பூட்டுவது. சொந்த வீடு என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு டிபி பெட்டியில் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) டைப் 2 சர்ஜ் (திடீர் மின் எழுச்சி) பாதுகாப்பு போடச் சொல்லுங்கள், கையோடு ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். ஏர்த் சரியில்லாத வீட்டில் எந்த சர்ஜ் கட்டையும் பாதி வேலைதான் செய்யும். வாடகை வீடு என்றால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையுள்ள சர்ஜ் புரொடெக்டர் கட்டை ஒன்று வாங்கி, ஃபைபர் பெட்டி, ரௌட்டர், கம்ப்யூட்டர், திரை நான்கையும் அந்த ஒரே கட்டையில் குத்துங்கள். ஒன்று இந்தச் சுவர், ஒன்று அந்தச் சுவர் என்று பிரித்துக் குத்தினால், மின்னல் வந்த நேரத்தில் இரண்டு சுவருக்கும் இடையில் உண்டாகும் அழுத்த வித்தியாசம் லேன் கம்பி வழியாகத்தான் தன்னைச் சமன்செய்துகொள்ளும். கட்டைக்குள் இருக்கும் சாமான் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். "புரொடெக்டட்" விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் எக்ஸ்டென்ஷன். சனிக்கிழமை அடி வாங்கிய பழைய கட்டையையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்கள். யூபிஎஸ் வாங்கினால் கரண்ட் போகும்போது உதவும், மின்னலுக்கு அதை நம்ப வேண்டாம். நேரடி அடிக்கு இவை எதுவுமே நிற்காது, பிளக்கைக் கழற்றுவது ஒன்றுதான் வழி.

பிழைத்த ராமைப் புதுப் போர்டில் போட்டதும் நேராக விண்டோசுக்குப் போகாதீர்கள். மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம், எஸ்எஸ்டியில் இருப்பதை மெல்ல மெல்லக் கெடுக்கும். கார்டு பிழைத்திருந்தால் அதையும் ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றில் வாட்டிப் பாருங்கள், புதுச் சாமான்களுக்குக் கடை தரும் மாற்றுக் கெடு முடிவதற்குள்.

ஒருவேளை ஏஎம்5 வாங்கும்படி ஆகி, எல்லாம் மாட்டி முதல்முறை பட்டனை அழுத்தினால், விசிறி சுற்றும், டிராம் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. நெஞ்சு திக்கென்று இருக்கும். போர்டு புது ராமைப் படித்துக்கொண்டிருக்கிறது, முதல்முறை மட்டும் சில நிமிடம் எடுக்கும். பட்டனைத் திரும்ப அழுத்தாமல் எழுந்து போய் ஒரு தே தாரிக் கலக்கிக்கொண்டு வாருங்கள், பதினைந்து நிமிடம் ஆகியும் அதே விளக்கு எரிந்தால் அப்போது எனக்கு எழுதுங்கள்.